தாழிமேட்டுக் குத்தகைதாரர்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றாம் வருஷம் ஆவணி இருபத்தெட்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு, செம்பாளூர் ஊராட்சி மன்றக் கட்டடத்தில் நடந்த குத்தகை விசாரணைக்குத் தாழிமேட்டிலிருந்து பதினொரு பேர் இறங்கி வந்து ஆஜரானார்கள். ஏழு ஆண்கள், நான்கு பெண்கள். அவர்கள் இறந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்குக் குறையாது என்று பிற்பாடு மேட்டைப் பார்க்க வந்த ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னார்கள். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. வந்தவர்கள் குள்ளமாக இருந்தார்கள், உடம்பெல்லாம் செம்மண், பக்கத்தில் போனால் புதுப்பானையில் தண்ணீர் ஊற்றினால் வருகிற வாசனை அடித்தது. ஒவ்வொருவர் கையிலும் தாலுகா முத்திரை குத்திய நோட்டீஸ் இருந்தது. கூப்பிட்டிருந்தார்கள், வந்தார்கள். அவ்வளவுதான் விஷயம்.

செம்பாளூர் பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி போகிற சாலைக்கு மேற்கே இருக்கிறது. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் முட்டி நிற்கிற கடைசி ஊர்களில் ஒன்று. வடக்கே பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை வயல். தெற்கே திரும்பினால் செம்பாறையும் முந்திரியும் கருவேலமும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மேடு. மலை என்று சொன்னால் வெளியூர்க்காரன் சிரிப்பான். ஆனால் தென்னை மர உசரத்துக்கு மேல் தரை எழும்பாத சீமையில் அதுதான் எங்களுக்கு மலை. மழை அரித்த இடங்களில் முதுமக்கள் தாழிகளின் வாய் தெரியும். மேட்டின் முதுகில் பாறையில் இரண்டு தடம் பதிந்து கிடக்கும், வண்டிச் சக்கரம் ஓடி ஓடித் தேய்ந்த தடம். அதிராம்பட்டினத்திலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிய வண்டிகள் உள்நாட்டுக்குப் போன பாதை, பேர் உப்புப்பாட்டை. அப்துல் வஹாப் ராவுத்தரின் வண்டிகள் தார்ச்சாலை வருகிறவரைக்கும் அதில்தான் போயின. அவருக்கு முன்னால் யார் யார் போனார்கள் என்று எந்த ராஜாவின் கல்வெட்டும் சொல்லவில்லை. மேட்டிலிருந்து வயலுக்கு இறங்கும் இடத்தில் பாட்டை ஊருக்குள் புகுந்து காணாமல் போகும். ஊர் வளர்ந்தபோது அதன்மேல் வீடு கட்டிவிட்டார்கள். அப்படிக் கட்டிய வீடுகளில் ஒன்று துரைராசுவுடையது.

மேட்டுக்குக் கீழே இரண்டு வேலி நிலம், பதின்மூன்று ஏக்கருக்குக் குறையாது. பத்திரப்படி ரெங்கசாமிக்குச் சொந்தம். உழுதது கீழத்தெருக் காத்தானும் அவன் பங்காளிகளும், பதினொரு குடும்பம், மூன்று தலைமுறையாக. எந்த மூலையில் மடை வைத்தால் எந்த மூலை நிறையும் என்று காத்தானுக்குக் கால் சொல்லும். அந்தச் சமயம் சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. உண்மையில் யார் குத்தகைக்கு உழுகிறார்களோ அவர்கள் பெயரைப் பதிய வேண்டும், பதிந்தபின் அவர்களை யாரும் வெளியேற்ற முடியாது. கீழத்தெருவில் அன்று பாயசம் வைத்தார்கள். ரெங்கசாமி வீட்டில் வேறு யோசனை நடந்தது. அவர் சண்டைக்காரர் இல்லை, கூட்டிக் கழித்துப் பார்க்கிறவர். பெயர்தானே வேண்டும், பெயர் கொடுத்துவிட்டால் போகிறது என்றார். இல்லாத ஆட்கள் பதினொரு பேருக்குப் பெயர் வைத்து, நீலமேகம், அய்யாவு, அமிர்தலிங்கம், இளையபெருமாள் என்று வரிசையாக எழுதி மனுக் கொடுத்தார். இல்லாதவன் வந்து நிலம் கேட்க மாட்டான் அல்லவா. உடைமைக்காரன் சொல்லுக்கு உள்ளூர்ச் சாட்சி ஒன்று வேண்டும். ரெங்கசாமியின் சொந்தக்காரன் யாராவது சொன்னால் அதிகாரி நம்ப மாட்டார். நம்பும்படியான வாய் ஊரில் ஒன்றுதான் இருந்தது.

அந்த வாய் துரைராசுவுடையது. கட்சியின் கிளைச் செயலாளர். நிலம் உழுகிறவனுக்கே என்று அவர் மேடையில் பேசினால் சோடா விற்கிறவன்கூட விற்பதை நிறுத்திவிட்டுக் கேட்பான். பேச்சோடு நிற்கிற ஆளும் இல்லை. கீழத்தெருவில் போய்ச் சாப்பிட்ட முதல் மேலத்தெருக்காரர் அவர்தான். காத்தான் அவரை ஆண்டே என்று கூப்பிட்டபோது, "இனிமே அப்படிக் கூப்புட்டா பேச மாட்டேன், அண்ணேன்னு கூப்புடு" என்று நடுத்தெருவில் நிறுத்திச் சொன்னவர். அதைக் காத்தான் இரண்டு நாள் வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்துப் பழகினான் என்பார்கள். இவ்வளவும் உண்மை. இதை எழுதாமல் விட்டால் அடுத்ததை எழுத நமக்கு யோக்கியதை கிடையாது.

துரைராசுவுக்குச் சொந்தமாக இருந்தது மூன்று மா நிலம், ஒரே ஏக்கர், வாய்க்காலின் கடைமடையில். அந்த வருஷம் குறுவை பொதிப்பருவத்தில் நிற்கும்போது தண்ணீர் வரவில்லை. கதிர் உள்ளேயே கருகிவிடும் என்கிற நிலை. மேல்மடையின் பலகை ரெங்கசாமி கையில். அவர் துரைராசுவைக் கூப்பிட்டு அனுப்பவில்லை, மிரட்டவில்லை. வயலோரமாக வந்து, பயிரைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, "மூணு நாள் தண்ணி உட்டா போதும்ல, துரைராசு?" என்று கேட்டார். துரைராசு போதும் என்றார். ரெங்கசாமி பெயர்ப் பட்டியலை மடியிலிருந்து எடுத்து, படித்து வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று நாள் தண்ணீர். அதற்குமேல் ஒரு பொட்டு கிடையாது. ஊர் இன்றுவரை ஆறவில்லை என்றால் அது விலையைக் கேட்டுத்தான்.

ஆடிக் கடைசியில் முதல் விசாரணை. அதிகாரி இளவயசு, வெள்ளைச் சட்டை, நல்ல மனுஷன். காத்தானும் பங்காளிகளும் குளித்துத் தலைவாரிக் கட்டடத்துக்கு வெளியே நின்றார்கள். துரைராசு அண்ணன் சொல்லிவிடுவார் என்று காளியம்மாள் தன் புருஷன் காத்தானிடம் நாலு தடவை சொல்லியாகிவிட்டது. அதிகாரி பட்டியலைப் படித்துவிட்டு, இந்தப் பதினொரு பேரைத் தெரியுமா என்று கேட்டார். "தெரியுங்க. ரொம்ப நாளா அவங்கதான் பயிர் பண்றாங்க" என்றார் துரைராசு. அதிகாரி வாசலைக் காட்டி, அங்கே நிற்கிறவர் தானே உழுவதாகச் சொல்கிறார், அவரைத் தெரியுமா என்றார். துரைராசு திரும்பிப் பார்த்தார். காத்தான் சிரித்தான், அறிமுகம் ஆகப்போகிற ஆள் சிரிக்கிற மாதிரி. துரைராசு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தெரியலைங்க" என்றார். உள்ளே முப்பது பேர் இருந்தோம் என்று கணக்கு. ஒருவர் வாய் திறக்கவில்லை. இந்த வரலாற்றை எழுதுகிறவனின் அப்பாவும் அந்த முப்பதில் ஒருவர். எங்கே குடியிருக்கிறார்கள் இந்தப் பதினொரு பேரும் என்று அதிகாரி கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். அதை ரெங்கசாமி சொல்லிக்கொடுக்கவில்லை. துரைராசுவின் கை தானாக எழும்பித் தெற்கே காட்டியது. "மேட்டுல இருக்காங்க" என்றார்.

தலையாரி மருதையன் சொன்னதைச் செய்கிறவர், கேள்வி கேட்கிறவர் இல்லை. அடுத்த விசாரணைக்குப் பதினொரு நோட்டீஸ் கொடுத்து, விலாசம் தாழிமேடு, ஆள் இல்லாவிட்டால் வாசலில் ஒட்டிவிட்டு வா என்று அனுப்பினார்கள். அவர் கஞ்சிப் பசையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். அங்கே வாசல் என்று எதைச் சொல்வது. சுற்றிப் பார்த்தார். அந்த வருஷ மழையில் வாய் தெரிந்த தாழிகள் பதினொன்று இருந்தன. ஒன்றுகூட அதிகம் இல்லை, ஒன்றுகூடக் குறையவில்லை. ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு நோட்டீஸை ஒட்டி, காற்றில் பறக்காமல் நீவிவிட்டு, சார்வு செய்தாயிற்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். பின்னாளில் அவரிடம் இதைக் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில், "ஆள் இருந்தாங்களா இல்லையா, அதச் சொல்லு" என்பதுதான்.

ஆவணி இருபத்தெட்டாம் தேதி அவர்கள் உப்புப்பாட்டை வழியாக வந்தார்கள். பாட்டை எங்கே வீட்டுக்குள் புகுந்ததோ அங்கே அவர்களும் புகுந்தார்கள். துரைராசுவின் மனைவி தனபாக்கியம் கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கொல்லைக் கதவு வழியாகப் பதினொரு பேர் வந்து, கூடத்தைக் கடந்து, தெருக்கதவு வழியாக வெளியே போனார்கள். முறம் மட்டும் கொஞ்சம் சாய்ந்தது. கட்டடத்தில் அவர்களை அம்மணமாகப் பார்த்த டவாலி, மூலையில் கட்சிக் கூட்டத்துக்கு வைத்திருந்த கறுப்பு சிவப்புக் கரைத் துண்டுகளை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தான். அதிகாரி பட்டியலைக் கூப்பிட்டார். நீலமேகம் என்றதும் ஒரு கிழவி ஏன் என்று குரல் கொடுத்தாள். ரெங்கசாமி ஆம்பளைப் பெயர் என்றுதான் எழுதியிருந்தார். அவர்கள் பேச்சு பழையது, ஆனால் சோறு, மழை, வயல், தண்ணீர் என்பதில் ஒரு மாற்றமும் இல்லை. உழுகிறீர்களா என்று கேட்டார். உழுவோம் என்றார்கள். அதிகாரி சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். குத்தகைதாரர் உள்ளூரில் குடியிருக்க வேண்டும் என்று இருந்தது. உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. பதிந்துவிட்டார்.

ரெங்கசாமி முதல் ஒரு மாதம் சிரித்தார். அப்புறம் வக்கீலைப் பார்த்தார். பதிந்த குத்தகைதாரரை வெளியேற்ற முடியாது என்று அவர் எதைப் பார்த்துப் பயந்தாரோ அதே சட்டம் அவர் முகத்தில் அடித்தது. காத்தானையாவது வீட்டு வாசலில் வைத்து அதட்டலாம், இவர்களை என்ன சொல்லி அதட்டுவது, எதைக் காட்டிப் பயமுறுத்துவது. எழுபத்தி மூன்றில் அவர் மகளோடு தஞ்சாவூரில் போய் இருந்துகொண்டார். அவரோடு இந்தக் கதைக்கு வேலை முடிந்தது. குற்றம் செய்தவர் கண்ணுக்கு மறைவாகப் போய்விடலாம். சாட்சி சொன்னவருக்கு அந்த வசதி இல்லை.

ஏனென்றால் அவர்கள் தினமும் வந்தார்கள். காலையில் மேட்டிலிருந்து இறங்கி, துரைராசு வீட்டுக் கொல்லைக் கதவில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, தெருக்கதவு வழியாக வயலுக்கு. சாயங்காலம் அதே வழியாகத் திரும்பி. சுற்றிக்கொண்டு போகலாம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை, பாட்டை அப்படித்தான் போகிறது. முதல் வாரம் தனபாக்கியம் கதவைச் சாத்திப் பார்த்தாள். அவர்கள் வெளியே பொறுமையாக நின்றார்கள், மாடு நிற்கிற மாதிரி, திறக்கிறவரைக்கும். பிறகு அவள் இரண்டு கதவையும் திறந்தே வைத்தாள், ஒரு குடம் தண்ணீரும் வைத்தாள். கடந்து போகும்போது ஒவ்வொருவரும் துரைராசு முன்னால் நின்று, நெஞ்சில் கை வைத்துத் தலைசாய்ப்பார்கள். இந்த உலகத்தில் தங்களைத் தெரியும் என்று சொன்ன ஒரே ஆள் அவர். "எங்களத் தெரிஞ்சவரு" என்றுதான் அவருக்குப் பெயரே வைத்திருந்தார்கள். அறுப்பு வந்தால் முதல் கட்டுக் கதிர் அவர் கூடத்துக்கு வரும். அவர்களுக்குள் ஒரு வழக்கு என்றாலும் அவரிடம்தான் வருவார்கள், அவர் பொய் சொல்லமாட்டார் என்று. அடித்திருந்தால் தாங்கியிருப்பார். பதினொரு பேரின் மரியாதையைத் தினமும் இரண்டு வேளை வாங்கிக்கொள்வதற்கு மனுஷ உடம்பு போதாது. நாற்பத்திரண்டு வயசில் அவருக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. மேடையில் நிலம் என்று ஆரம்பித்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். கட்சிக்காரர்கள் அவரை இந்தி, மாநில உரிமை என்று வேறு தலைப்புகளில் பேசவிட்டார்கள். நன்றாகத்தான் பேசினார்.

கீழத்தெருப் பதினொரு குடும்பமும் நாலு பக்கமும் போயின. சிலர் செங்கல் சூளைக்கு, சிலர் பேராவூரணித் தென்னந்தோப்புகளுக்கு மட்டை உரிக்க. காத்தான் அதிராம்பட்டினத்துக்குப் போய் அப்துல் வஹாபின் உப்பளத்தில் வேலை செய்தான். ராவுத்தர் அவனிடம் விசாரித்துவிட்டு, "வெவசாயி உப்பு வார வந்துருக்கான், இது நல்லதுக்கில்ல" என்று மட்டும் சொன்னாராம். சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வருவான். வந்ததும் வரப்பில் போய் நிற்பான். காளியம்மாள் ஊரிலேயே இருந்தாள், தன் வயலிலேயே கூலிக்கு நடவு நட்டாள், செத்தவர்களுக்குக் கீழே. அவர்களுக்கு நடவு தெரியாது, அவர்கள் காலத்தில் விதைத்துவிட்டுப் போகிற பழக்கம். நாற்றைப் பிடுங்கி வேறு இடத்தில் வைத்தால் அது செத்துப்போகாதா என்று நீலமேகம் கிழவி கேட்டாளாம். "புடுங்கி வெச்சாத்தான் தூர் கட்டும்" என்று சொல்லி, காளியம்மாள் அவள் கையைப் பிடித்து மூன்று விரலில் நாற்றை ஊன்றக் கற்றுக்கொடுத்தாள். அடுத்த வருஷம் கிழவி நட்ட பாத்தி காளியம்மாள் நட்டதுபோலவே இருந்தது.

நிஜத்தைக் காளியம்மாள் அவர்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனாள். தடுத்தவன் காத்தான். "சொன்னா என்ன ஆவும்? கேட்டதும் வயல உட்டுட்டுப் போயிருவாங்க, அவங்க அந்த மாதிரி சனம். போயி எங்க இருப்பாங்க? திரும்பவும் சாவணுமா?" என்றான். அவள் அவனைத் திட்டித் தீர்த்தாள். பிறகு அவளும் சொல்லவில்லை. எங்கள் ஊர் மேலத்தெருவில் இதைக் கேள்விப்பட்டவர்கள், காத்தானுக்குப் புத்தி மட்டு என்று பேசிக்கொண்டோம். அப்படிப் பேசிக்கொள்வது எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது.

வருஷங்கள் ஓடின. மேட்டுக்காரர்களுக்கு ரேஷன் கார்டு வந்தது, வாக்காளர் பட்டியலில் பெயர் வந்தது. வயது என்கிற இடத்தில் எல்லோருக்கும் ஐம்பது என்று போட்டுவிட்டார்கள். கட்சி இரண்டாக உடைந்தபோது அவர்களுடைய பதினொரு ஓட்டுக்காக இரண்டு பக்கமும் வேட்டி சேலையோடு மேட்டில் ஏறினார்கள். அவர்கள் பழைய துண்டை மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டார்கள், தெரிஞ்சவரோட கட்சித் துண்டு என்று. எழுபத்தேழாம் வருஷப் புயலில் கூரையெல்லாம் பறந்த ராத்திரிக்கு மறுநாள், வயலில் கவிழ்ந்த பயிரை நிமிர்த்திக் கட்ட ஊரில் முதலில் இறங்கியது அவர்கள்தான். சீக்கு இல்லை, சண்டை இல்லை, சாராயம் இல்லை. பிள்ளைப்பேறு மட்டும் கிடையாது. ஊர் அவர்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டது, மின்கம்பத்தைப் பற்றி யாரும் பேசாததுபோல.

துரைராசு ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. எழுபத்தி நாலில் ஒருநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். தான் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்கப் போனார். பழைய அதிகாரி மாற்றலாகியிருந்தார். புதியவர் முழுசும் கேட்டுவிட்டு, "இப்ப யாரு பயிர் பண்றா?" என்றார். அவர்கள்தான் என்றார் துரைராசு. "அப்ப நீங்க சொன்னது எப்படிப் பொய்யாகும்? மூணு வருசமா ஒழுங்கா உழுதுகிட்டு இருக்கிற ஏழைங்கள ஏன்யா வெளியேத்தப் பாக்குறீங்க?" என்று கடிந்துகொண்டார். துரைராசுவுக்குத் தன் பொய் வேர்விட்டு மரமாகி, அதன் நிழலில் ஆட்கள் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. பஸ்ஸில் திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அன்று சாயங்காலமும் அவர்கள் வந்தார்கள், நெஞ்சில் கை வைத்தார்கள். நீலமேகம் மட்டும் நின்று, சனிக்கிழமைகளில் வரப்பில் வந்து நிற்கிற ஆள் யார், காளியம்மாளைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள் என்று கேட்டாள். என்றைக்காவது வரவேண்டிய கேள்விதான். தனபாக்கியம் அடுக்களையிலிருந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள். "தெரியல" என்றார் துரைராசு. முதல் தடவைக்காவது மூன்று நாள் தண்ணீர் கிடைத்தது. இந்தத் தடவை அதுவும் இல்லை, வெறும் பயம். தனபாக்கியம் அன்று முதல் அவரிடம் வேண்டிய வார்த்தை மட்டும்தான் பேசினாள்.

தெரிந்தவர் தெரியாது என்று சொல்லிவிட்டபடியால் மேட்டுக்காரர்கள் காத்தானை அந்நியன் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வழக்கத்தில் யாருக்கும் தெரியாத ஆள் வயலோரம் வந்து நின்றால் அவனுக்குச் சோறு போட வேண்டும், போட்டபின் அவன் போட்டவருடைய ஆள். அப்படியாகத் தன் வயலில் விளைந்த அரிசியைக் காத்தான் விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிட்டான். பதிலுக்கு அதிராம்பட்டினத்திலிருந்து அவர்களுக்குக் கருவாடு கொண்டுவந்தான். அதை முகர்ந்து பார்த்த அய்யாவு என்கிறவர், கடல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறதா என்று கேட்டு வெகுநேரம் சிரித்தாராம். எண்பதுக்கு மேல் காத்தான் உப்பளத்தை விட்டுவிட்டு வந்து அவர்களோடேயே வேலை செய்தான். மடை எங்கே வைப்பது என்று அவர்கள் அவனைத்தான் கேட்டார்கள்.

எண்பத்தி நாலாம் வருஷம் புரட்டாசியில் நிலப் பதிவுகளைப் புதுப்பிக்கிற திட்டம் செம்பாளூருக்கு வந்தது. அதே ஊராட்சி மன்றக் கட்டடம், புதுச் சுண்ணாம்பு. சம்பா நடவு பாதி முடிந்திருந்த சமயம், மேட்டுக்காரர்கள் காலில் சேற்றோடு வந்தார்கள். தங்கள் பதிவில் இன்னொரு பெயரையும் சேர்க்க வேண்டும் என்றார்கள். சேற்றோடு நின்ற காத்தானை முன்னால் தள்ளினார்கள். அதிகாரி ஒரு பெண், கண்டிப்பானவர், பழைய காகிதத்தையெல்லாம் படித்துவிட்டு வந்திருந்தார். புதுப்பெயர் சேர்ப்பதானால் ஆள் உள்ளூர் என்று ஒருவர் சொல்ல வேண்டும் என்றார். எல்லார் கண்ணும் துரைராசு மேல் போனது. அப்போது அவர் ஒன்றியப் பொறுப்பில் இருந்தார், முன்வரிசையில் நாற்காலி. அதிகாரி, "எழுவத்தொண்ணுல இவரத் தெரியாதுன்னு சொல்லியிருக்கீங்க. பதிவுல இருக்கு. இப்பவாவது தெரியுமா?" என்று கேட்டார். துரைராசு எழுந்து நின்றார். தோள் துண்டைச் சரிசெய்தார், மறுபடி சரிசெய்தார். காத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. துரைராசுவுக்கு உதவி செய்ய நினைத்து நீலமேகம் முன்னால் வந்தாள்.

"அவரத் தொந்தரவு பண்ணாதீங்க தாயீ" என்றாள். "அவரு தெரியாதுன்னு சொன்னா தெரியாதுதான். பொய் சொல்ற ஆளு இல்ல. யாருக்கும் தெரியாத எங்களையே தெரியும்னு சொன்னவரு."

துரைராசு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பதின்மூன்று வருஷமாகத் தொண்டையில் கிடந்தது அப்போது வெளியே வந்தது. வாந்தி மாதிரித்தான் வந்தது, பேச்சு மாதிரி இல்லை. "தெரியும்" என்றார். "காத்தானத் தெரியும். அவன் அப்பன், பாட்டன எல்லாம் தெரியும். ரெண்டு வேலியும் அவங்க உழுதது. உங்களத்தான் எனக்குத் தெரியாது. தண்ணிக்காகச் சொன்னேன்." மூன்று நாள் தண்ணீர் என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. ஆனால் முழுசையும் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு ஆகிவிட்டது. ஐம்பத்தைந்து வயசை நெருங்குகிறவர் எல்லார் முன்னாலும் மூக்கைச் சிந்தி வேட்டியில் துடைத்தார். உள்ளே இருந்த நாங்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தோம்.

மேட்டுக்காரர்கள் கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தோம். எங்களில் யாராக இருந்தாலும் கோபப்பட்டிருப்போம். அவர்களோ வெட்கப்பட்டார்கள். முதலில் அய்யாவு, பிறகு அமிர்தலிங்கம், ஒவ்வொருவராகத் தங்கள் காலில் இருந்த சேற்றைக் குனிந்து பார்த்தார்கள், திருட்டுப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பிடிபட்டவர்கள் போல. நீலமேகம் காத்தானைப் பார்த்து, "அடுத்தவன் வயல்லயா நாங்க இத்தன நாளு சோறு தின்னோம்? உனக்கே சோறு போட்டோமே, நீ சொல்லலியே" என்றாள். காத்தான் அழுதுகொண்டே ஏதோ சொன்னான், அது காதில் விழவில்லை. அவர்கள் தோளிலிருந்த துண்டுகளை எடுத்து மடித்து நாற்காலி மேல் வைத்தார்கள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். பதினொரு பேரும் வெளியே போனார்கள்.

தனபாக்கியம் வழக்கம்போல இரண்டு கதவையும் திறந்து, குடத்தில் தண்ணீர் நிரப்பிவைத்து நின்றாள். அவர்கள் தெருவில் வந்து, அவள் வாசலுக்கு நேராக ஒரு கணம் நின்று, உள்ளே நுழையாமல் மேற்கே திரும்பினார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாக அவர்கள் பாட்டையை விட்டு இறங்கியதில்லை. அன்று இறங்கினார்கள். கருவேலங்காட்டுக்குள் புகுந்து, முள்ளில் கிழிபட்டுச் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். மறுநாள் அந்த வழியெல்லாம் முள்ளில் செம்மண் பொடி ஒட்டியிருந்தது. மருதையன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பதினொரு தாழியும் உள்ளேயிருந்து மூடிக் கிடக்கிறது என்று அறிக்கை கொடுத்தார்.

நிலம் காத்தான் பெயருக்கும் அவன் பங்காளிகள் பத்துப் பேர் பெயருக்கும் வந்தது. பாயசம் யாரும் வைக்கவில்லை. காத்தானும் காளியம்மாளும் தினம் மேட்டில் ஏறி ஒவ்வொரு மூடியாகத் தட்டினார்கள். "நடவு பாதியில நிக்கிது, வாங்க. எல்லாருஞ் சேந்து பண்ணுவோம், எடம் இல்லாமயா போச்சு" என்று கெஞ்சினார்கள். எட்டு நாள் பதில் இல்லை. ஒன்பதாம் நாள் ஒரு மூடி இரண்டு விரல் அகலம் நகர்ந்தது. நடவு முடிந்ததா என்று உள்ளேயிருந்து நீலமேகத்தின் குரல் கேட்டது. அன்று காலைதான் முடிந்தது என்றாள் காளியம்மாள். கடைசிப் பாத்தி யார் நட்டது என்று கிழவி கேட்டாள். நான்தான் என்றாள் காளியம்மாள். அப்படியானால் சரி என்று சொல்லி மூடி சாத்திக்கொண்டது. அதற்குப்பின் காத்தானும் காளியம்மாளும் போனால் மட்டும் அவ்வப்போது உள்ளேயிருந்து அவர்களிடம் மழையைப் பற்றி ஒரு வார்த்தை வரும்.

துரைராசு பொறுப்புகளையெல்லாம் விட்டுவிட்டார். யாரும் விடச் சொல்லவில்லை, எங்கள் ஊரில் அப்படிச் சொல்கிற யோக்கியதை யாருக்கும் இல்லை. தினமும் மத்தியானம் அவர் மேட்டுக்குப் போக ஆரம்பித்தார். முந்திரி மரத்தடியில் ஆடு மேய்க்கிறவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மேட்டில் எப்போதும் தாழிகளுக்குள் மெல்லிய பேச்சு நடந்துகொண்டே இருக்கும், ஒருவருக்கொருவர் ஏதோ சொல்லிக்கொள்வார்கள், சில சமயம் சிரிப்பும் கேட்கும். துரைராசு ஏறி வருகிற காலடி பாறையில் விழுந்ததும் எல்லாம் நின்றுவிடும். அவர் போய் ஒரு கல்லில் உட்கார்வார். மன்னிப்பு, அது இது என்று ஒன்றும் கேட்கமாட்டார். மூடிகள்மேல் விழுந்த சருகைக் கையால் தள்ளிவிடுவார். ஒரு மணிநேரம், இரண்டு மணிநேரம். பதினொரு பேரும் உள்ளே மூச்சுக்காட்டாமல் இருப்பார்கள், பெரிய மனுஷனை அந்த நிலையில் பார்த்துவிட்டோமே என்கிற சங்கடத்தில். அவர் எழுந்து பாதி மேடு இறங்கியதும் பேச்சு மறுபடி தொடங்கும். அவருக்கு அது கேட்கும். கேட்பதற்காகத்தான் அங்கே கொஞ்சம் மெதுவாக நடப்பார்.

இருபத்தொரு வருஷம் போய் வந்தார். அவர் காலடி கேட்டதும் பேச்சு நிற்காத நாள் ஒன்றுகூட இல்லை.